சோபாவுக்குப் பின்னால் சுவிட்சர்லாந்து

மகள் ஜெனி நான்கு நாள் விடுமுறைக்குச் சென்னையிலிருந்து வந்திருந்தாள். வந்த அன்றே ஹாலில் சோபாவில் சாய்ந்தபடி தலையைத் திருப்பிச் சுவரைப் பார்த்தாள். "இன்னா நைனா இது, இவ்ளோ பெரிய செவுரு மொட்டையா கெடக்குது?" என்றாள். சோபாவுக்குப் பின்னால் இருக்கும் சுவர்தான் ஒரு வீட்டின் முகம் என்று யாரோ அவளுக்குச் சொல்லியிருக்கிறார்கள். கைபேசியை என் மூக்குக்கு நேராக நீட்டி ஒவ்வொரு படமாகத் தள்ளிக் காட்டினாள். வட்ட வட்டமாக ஏழு கண்ணாடிகள். ஒரே ஒரு பெரிய வாழையிலை ஓவியம். வரிசையாக மூங்கில் முறங்கள் மாட்டிய ஒரு சுவர். முறத்தைச் சுவரில் மாட்டி அழகு பார்க்கும் காலம் வரும் என்று எங்கள் ஊரில் யாரும் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள். "உனக்கு எது புடிக்குதோ அத மாட்டு" என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன்.

மறுநாள் காலை துளை போடும் மிஷினோடு ஓர் ஆள் வந்துவிட்டார். ஸ்டூலில் ஏறி, பென்சிலால் குறி வைத்து, மிஷினைச் சுவரில் வைத்து அழுத்தினார். வீடே பல்லைக் கடித்தது போல ஒரு சத்தம். சுவரிலிருந்து மாவு போலத் தூள் கொட்டியது. அந்தத் தூளின் வாசனை மூக்கில் ஏறியதும் நான் எழுந்தேன். செருப்பை மாட்டிக்கொண்டு வாசல் வழியாக வெளியே போய், வீட்டைச் சுற்றி நடந்து, அந்தச் சுவரின் மறுபக்கத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

எங்கள் வீடு தனி வீடு. அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு முருங்கை மரமும் தண்ணீர்த் தொட்டியும்தான் இருக்கின்றன. திரும்பி வந்தபோது ஜெனி விழுந்து விழுந்து சிரித்தாள். "யாராவது அந்தப் பக்கம் குடியிருக்காங்களா நைனா?" என்று கேட்டாள். நானும் சிரித்து வைத்தேன். என் மனைவி ஸ்டெல்லா மட்டும் சிரிக்கவில்லை. என்னை ஒருமுறை பார்த்துவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். அவளுக்குத் தெரியும். ஜெனிக்குத் தெரியாது. முப்பது வருடமாக அவளிடம் சொல்லவில்லை. உங்களிடம்தான் சொல்லப்போகிறேன்.

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. செஞ்சியில் ஓர் அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளர். எங்கள் சொந்த ஊர் அங்கிருந்து டவுன் பஸ்ஸில் முக்கால் மணி நேரம். மாதா கோயில், அதைச் சுற்றி நாற்பது ஐம்பது வீடுகள், அப்புறம் கடலைக் கொல்லைகள், அவ்வளவுதான் ஊர். எங்கள் வீட்டில் தரையில் உட்காருவோம். நாற்காலி என்று ஒன்றே ஒன்று இருந்தது, இரும்பு மடக்கு நாற்காலி. அதுவும் மாதா கோயில் சாமியார் வீட்டை மந்திரித்து ஆசீர்வதிக்க வரும்போது மட்டும் விரிக்கப்படும். மற்ற நாட்களில் சுவரில் சாய்ந்து நிற்கும். நாங்கள் யாரும் அதில் உட்கார்ந்ததில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்தவன் கல்யாணமான மறுவருடம் ஒரு மரூன் ரெக்சின் சோபா வாங்கினான். அவன் தலை எங்கே நின்றிருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். முதல் ஒரு மாதம் அதில் சாயாமல் நுனியிலேயே உட்கார்ந்திருந்தேன், ரெக்சின் தேய்ந்துவிடும் என்று.

குடியிருந்தது ராஜமதி அம்மாவின் வீட்டில். தமிழ்ச் சமணக் குடும்பம். பரம்பரையாக அந்தப் பக்கத்துக்காரர்கள். அவர் கணவர் கடலைக்காய் மண்டி வைத்திருந்தவர், நான் போவதற்கு முன்பே காலமாகிவிட்டார். ஒரே மகன் வந்தவாசியில் அரிசி வியாபாரம். நீளமான அந்தப் பழைய வீட்டை நடுவில் ஒரு சுவர் இரண்டாகப் பிரித்தது. ஒரு பாதியில் அம்மா, மறு பாதியில் நாங்கள். எங்கள் ஹாலுக்கும் அவர் கூடத்துக்கும் பொது அந்த நடுச்சுவர்தான்.

வீடு பார்க்கப் போன அன்று அவர் இரண்டே நிபந்தனைகள் சொன்னார். "கறி மீனு வூட்ல ஆக்கக் கூடாது சார். அது எங்க வழக்கம். இன்னொன்னு, செவுத்துல ஆணி அடிக்கக் கூடாது. பழைய மண்ணுக்கல்லு செவுரு. ஒரு பக்கம் தட்டுனா மறுபக்கம் உதிரும்." முதல் நிபந்தனையைக் கடைசிவரை காப்பாற்றினேன். ஞாயிற்றுக்கிழமைக் கறிக்காகவே பஸ் பிடித்து ஊருக்குப் போனோம். அந்த வீட்டைப் பொறுத்தவரை நான் பெருமையாகச் சொல்லிக்கொள்ள இருப்பது அது ஒன்றுதான்.

பொழுது சாய்வதற்குள் அவர்கள் சாப்பிட்டுவிடுவார்கள். நான் ஐந்து மணிக்கு மேல் ஆபீஸிலிருந்து வரும்போது அவர் இராச் சாப்பாட்டை முடித்துக்கொண்டிருப்பார். குடிதண்ணீர் பிடிக்க அவர் பக்கம் போனால், "உக்காருங்க சார், ரெண்டு தோசை சாப்ட்டுப் போங்க" என்பார். அப்படி உட்கார்ந்த ஒரு நாளில்தான் அந்தச் சுவரைப் பார்த்தேன். கூடம் முழுக்கச் சுண்ணாம்பு அடித்து வெள்ளையாக இருந்தது. நடுச்சுவரில், தரையிலிருந்து இடுப்பு உயரத்துக்குக் கொஞ்சம் மேலே, ஒரு முழ அகலத்துக்கு மட்டும் பழுப்பாக ஓர் இடம். வருடா வருடம் அந்த இடத்தை விட்டுவிட்டே வெள்ளையடித்திருக்கிறார்கள். சுற்றிலும் சுண்ணாம்பு ஏறி ஏறி, அந்த இடத்துக்கு வரப்பு கட்டியது போல ஒரு மேடு. அந்த மேடே அதற்குச் சட்டம்.

உள்ளே நீலப் பென்சிலில் ஒரு படம். ஒரு வீடு. வீட்டைவிடப் பெரியதாக ஓர் அம்மா, அப்பா. நடுவில் இரட்டை ஜடை போட்ட ஒரு பெண் குழந்தை. பின்னால் முக்கோணம் முக்கோணமாக மலை. செஞ்சியில் எந்தக் குழந்தை படம் வரைந்தாலும் மலை வந்துவிடும். கீழே 'சுனதா' என்று எழுதியிருந்தது.

"எம் பொண்ணு சார். சுனந்தா. 'ந்' வுட்டுட்டா பாருங்க" என்றார் ராஜமதி அம்மா. "செவுத்துல கிறுக்காதடின்னு முதுகுல ஒண்ணு வச்சேன். அடுத்த மாசம் மூளைக் காய்ச்சல். ஏழு வயசு." சொல்லிவிட்டு என் தட்டில் இன்னொரு தோசையை வைத்தார். அவர் அழவில்லை. அப்போது அந்தக் குழந்தை போய் இருபது வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

ஆக, எனக்குத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியே இல்லை. அதனால்தான் முதலிலேயே இதைச் சொல்லிவிட்டேன்.

ஸ்டெல்லா தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போனாள். போகும்போது பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஹாலைத் திரும்பிப் பார்த்தவள், "அந்த சோபாவுக்குப் பின்னால இன்னாவாச்சும் ஒண்ணு இருந்தா நல்லாருக்குங்க. டாக்டரம்மா வூட்ல எவ்ளோ பெரிய சீனரி மாட்டியிருக்காங்க தெரியுமா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். மாட்டு என்று சொல்லவில்லை. ஆணி அடிக்கக் கூடாது என்பது அவளுக்கும் தெரியும்.

ஜெனி பிறந்த செய்தி வந்ததும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. குழந்தையோடு அவள் வந்து இறங்கும்போது, கூட வரும் மாமனார், மாமியார், மச்சான் எல்லோரும் அசந்து போக வேண்டும். விழுப்புரத்துக்குப் போய்ப் படம் வாங்கினேன். ஐந்தடிக்கு மூன்றடி, கண்ணாடி போட்டு, தங்க நிறச் சட்டம். பனிமலை, அருவி, மரவீடு, வீட்டைச் சுற்றி ஊதாப் பூக்கள். கடைக்காரர் அது சுவிட்சர்லாந்து என்றார். பஸ்ஸில் அதை ஏற்றியபோது கண்டக்டர், "இன்னா சார், ஒரு ஊரையே தூக்கினு வரீங்க, அதுக்கும் டிக்கெட் போடட்டுமா?" என்றார். பஸ்ஸே சிரித்தது. எங்கள் ஹால் ஜன்னலைத் திறந்தால் ராஜகிரிக் கோட்டை தெரியும். அதைப் பார்க்க எங்கெங்கிருந்தோ ஆட்கள் பஸ் பிடித்து வருகிறார்கள். நான் அந்த ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, எங்கேயோ கிடக்கும் பனிமலைக்கு இடம் தேடினேன்.

வாசல் கதவோரம், முன்பு குடியிருந்தவர்கள் காலண்டருக்காக அடித்த ஒரு சின்ன ஆணி இருந்தது. அது இந்தப் படத்தைத் தாங்காது. தாங்கினாலும் சோபா இருப்பது நடுச்சுவரோரம்.

ராஜமதி அம்மா மகன் வீட்டுக்கு வந்தவாசி போயிருந்த வாரம் அது. ஞாயிற்றுக்கிழமை பூசை பார்த்துவிட்டு வந்தேன். நற்கருணை வாங்கிய வாயோடு என்று சொல்ல வேண்டும். சுத்தியலையும் உளியையும் எடுத்தேன். ஒரே ஒரு ஆணி, மெதுவாக, யாருக்குத் தெரியப்போகிறது என்றுதான் ஆரம்பித்தேன். ஆணி நிற்கவில்லை. மண் பொலபொலவென்று கொட்டி, துளை பெரிதாகிக்கொண்டே போனது. உளியால் இன்னும் குடைந்து, மர ஆப்பு ஒன்றைச் செதுக்கி உள்ளே வைத்து அடித்தேன். அப்போதுதான் அந்த நினைப்பு வந்தது. இந்தச் சுவரின் அந்தப் பக்கம்தானே அது இருக்கிறது? எந்த இடம்? இன்னும் கீழேயா, இடதுபக்கமா? சுத்தியலை ஓங்கியபடி ஒரு நிமிடம் நின்றேன். ஆப்பு முக்கால்வாசி இறங்கியிருந்தது. இன்னும் இரண்டு அடி அடித்தால் முடிந்துவிடும்.

இரண்டாவது அடியில் அந்தப் பக்கம் 'பொத்' என்று ஒரு சத்தம். ஈரத் துணி மூட்டையைத் தரையில் போட்டது போல. அதைத் தொடர்ந்து சரசரவென்று கொஞ்ச நேரம் உதிர்ந்தது. பிறகு ஒன்றுமில்லை.

அதற்குப் பிறகு நான் செய்ததுதான் இன்றைக்கும் உடம்பைக் கூச வைக்கிறது. ஆப்பில் ஆணியை இறக்கிப் படத்தை மாட்டினேன். எட்ட நின்று நேராக இருக்கிறதா என்று பார்த்தேன். வலப்பக்கம் ஒரு விரற்கடை தாழ்ந்திருந்தது, சரிசெய்தேன். சோபாவில் கொட்டியிருந்த தூளைத் துடைத்தேன்.

சாயங்காலம் நாலு மணிக்குக் கன்னியம்மா வந்தாள். ராஜமதி அம்மா வீட்டில் பன்னிரண்டு வருடமாகக் கூட்டிப் பெருக்கிப் பாத்திரம் தேய்க்கிறவள். அம்மா ஊருக்குப் போனால் சாவி அவளிடம்தான் இருக்கும். கதவைத் திறந்து உள்ளே போன சத்தம் கேட்டது. அப்புறம், "ஐயையோ! சார்... சார்! இங்க வந்து பாருங்களேன்!" என்று கத்தினாள்.

போனேன். சுண்ணாம்புக் காரை பெரிய அப்பளமாகப் பெயர்ந்து தரையில் விழுந்து நொறுங்கியிருந்தது. சுவரில் செம்மண் பச்சைக் காயம் போலத் தெரிந்தது. படத்திலிருந்த அம்மாவின் தலையும் ஒரு மலை முக்கோணமும் மட்டும் சுவரில் மிச்சம். "அடடா... பழைய செவுரு இல்ல" என்றேன். என் குரல் எனக்கே நன்றாக இருந்தது. அவ்வளவு இயல்பு. கன்னியம்மா என்னைப் பார்த்தாள். வரும்போதே, திறந்திருந்த என் வீட்டுக் கதவு வழியாகப் புதுப்படத்தைப் பார்த்திருப்பாள். குனிந்து, நீலக்கோடு இருந்த துண்டுகளை மட்டும் ஒவ்வொன்றாகப் பொறுக்கி முறத்தில் வைத்தாள். "இதெல்லாம் பெருக்கித் தள்ளிட முடியுமா சார்" என்றாள். நான் பொறுக்கக் குனியவில்லை. ஆபீஸ் வேலை இருப்பதாகச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமையில் என்ன ஆபீஸ் வேலை?

மூன்று நாள் கழித்து ராஜமதி அம்மா வந்தார். கத்தல் கதறல் ஏதாவது கேட்கும் என்று சுவரருகே காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். பேச்சுதான் கேட்டது. மெல்லிய சுவர் என்பதால் எல்லாமே கேட்டது.

"பீரோவ நவுத்தினியா கன்னியம்மா?"

"இல்லம்மா. சத்தியமா தொடல. அந்தாண்ட சாரு ஆணி அடிச்சிருப்பாருமா. புதுசா படம் மாட்டியிருக்காரு."

கொஞ்ச நேரத்தில் அவர் என் வாசலுக்கு வந்தார். பின்னால் கன்னியம்மா. அவர் உள்ளே வரவில்லை, அழைக்காமல் வருகிறவர் அல்ல. நானும் அழைக்கவில்லை. படத்துக்கும் அவருக்கும் நடுவில் நின்றுகொண்டேன்.

"சார், கோவிச்சிக்காதீங்க, கேக்கறேன். நீங்க ஆணி ஏதாச்சும் அடிச்சீங்களா?"

"இல்லீங்கம்மா. பழைய ஆணி ஒண்ணு இருந்துச்சி. அதுலதான் மாட்டுனேன்."

யோசித்துச் சொன்ன பொய்யாக இருந்தால்கூடக் கொஞ்சம் ஆறுதல்பட்டுக்கொள்ளலாம். அது மூச்சு விடுவது போல வந்தது. கன்னியம்மா என்னைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை. ஆச்சரியம்தான் இருந்தது. பேண்ட் சட்டை போட்ட, மாதா கோயிலுக்குப் போகிற, சார் என்று கூப்பிடப்படுகிற ஆள் இவ்வளவு சுலபமாகப் பொய் சொல்வான் என்பது அவளுக்குப் புதிதாக இருந்திருக்கும்.

"சரி சார்" என்று ராஜமதி அம்மா திரும்பினார். கன்னியம்மாவிடம் அவர் சொன்னது எனக்குக் கேட்டது. "வுழுந்தது போவட்டும். அது என் தலையெழுத்து. ஒருத்தர் மேல பழி போட்ட பாரு, அதுதான் தாங்கல. நாளைலேருந்து வராத."

சாவியைக் கொடுத்துவிட்டு அவள் என் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். போனவள் நின்றாள். உள்ளே எட்டிப் பார்த்தாள். "படம் நல்லா இருக்குது சார்" என்றாள். போய்விட்டாள். அந்தத் தெருவில் இன்னும் இரண்டு வீட்டில் அவள் வேலை செய்துகொண்டிருந்தாள். ஒரு மாதத்துக்குள் அவர்களும் நிறுத்திவிட்டார்கள். பொய் சொல்கிறவள் என்று பேராகிவிட்டதாம். கடலைக்காய் உரிக்கப் போகிறாள் என்று யாரோ சொன்னார்கள்.

ஸ்டெல்லா குழந்தையோடு வந்தாள். மாமனார் சோபாவில் உட்கார்ந்து பின்னால் திரும்பிப் பார்த்து, "மாப்ள ரசனையுள்ளவருதான்" என்றார். அந்தப் பாராட்டுக்காகத்தானே எல்லாம்? ஜெனியின் முதல் வருடப் படங்கள் அத்தனையும் அந்த சோபாவில்தான் எடுத்தோம். ஆல்பத்தைத் திறந்தால் குழந்தை எங்கே சிரித்தாலும் பின்னால் சுவிட்சர்லாந்து நிற்கும். அதனாலேயே நான் அந்த ஆல்பத்தைத் திறப்பதில்லை.

ஸ்டெல்லா கண்டுபிடிக்க இரண்டு வாரம் ஆனது. சோபாவை இழுத்துப் பெருக்கியவள் பின்னாலிருந்து ஒரு கைப்பிடி மண்ணை அள்ளிக்கொண்டு வந்து காட்டினாள். எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடிக்கும்வரை குழந்தையை மடியில் தட்டிக்கொண்டே இருந்தாள்.

"போய்ச் சொல்லிடுங்க."

"சொன்னா வூட்ட காலி பண்ணச் சொல்லிடுவாங்க ஸ்டெல்லா. கைக்கொழந்தைய வச்சினு எங்க போறது?"

"அவங்க கொழந்த வரைஞ்சதுங்க அது" என்றாள். நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். அந்த நாளை எத்தனை நாளை என்று எண்ணவே முடியாது. அவள் நான்கைந்து முறை கேட்டாள். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டாள். அவள் கேட்டுக்கொண்டிருந்த காலமே மேல் என்று அப்புறம் தெரிந்தது.

தவக்காலத்தில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். "பொய் சொன்னேன் சாமி" என்றேன். அவர் என்ன பொய் என்று கேட்பார், சொல்லிவிடலாம் என்று மனம் அடித்துக்கொண்டது. அன்று எனக்குப் பின்னால் பெரிய வரிசை. "பத்து அருள்நிறைந்த மரியே சொல்லுங்க" என்று அனுப்பிவிட்டார். நான் இருபது சொன்னேன். கன்னியம்மாவுக்கு அதனால் வேலை திரும்பக் கிடைத்துவிடவில்லை.

இரண்டு வருடம் கழித்து ஊர்ப்பக்கம் ஒரு சின்ன வீடு அமைந்தது. அந்த வீட்டைக் காலி செய்தோம். சாமான்கள் எல்லாம் ஏறிய பிறகு, ஆப்பைப் பிடுங்கப் பார்த்தேன். வரவில்லை. குளியலறையில் கிடந்த பேஸ்ட்டைப் பிதுக்கி அந்த இடத்தில் பூசி விரலால் வழித்துவிட்டேன். வெள்ளையோடு வெள்ளையாகக் கலந்து, பார்த்தால் தெரியவில்லை. சாவியைக் கொடுக்கும்போது ராஜமதி அம்மா ஜெனியை வாங்கி உச்சி மோந்துவிட்டுக் கொடுத்தார்.

அதன் பிறகு ஆபீஸ் நண்பர்களோடு ஒருமுறை பனமலைக்குப் போயிருந்தேன். ஏரிக்கரையில் குன்று, குன்றின் மேல் பல்லவர் காலத்துக் கோயில். அங்கே ஒரு சிறிய சன்னதிச் சுவரில் அம்மன் ஓவியம் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. சுற்றிலும் காரை உதிர்ந்து, ஒருபக்கமாகச் சாய்ந்த முகமும் கிரீடமும் மட்டும் நிற்கின்றன. "இத்தினி வருஷம் எப்பிடித்தான் நின்னுச்சோ" என்று நண்பர் ஒருவர் வியந்தார். எல்லோரும் உள்ளே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் வெளியே வந்து ஏரியைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டேன். வெயில் என்று சொன்னேன்.

ஜெனி இரண்டாம் வகுப்புப் படிக்கும்போது செஞ்சிக் கடைத்தெருவில் ராஜமதி அம்மாவைப் பார்த்தோம். நான் பார்க்காதது போல நகரப் பார்த்தேன். அவரே கூப்பிட்டார். "இன்னா சார், சவுக்கியமா? இவதானா அந்தப் பாப்பா? எத்தினியாவது படிக்கிற கண்ணு?" ஜெனி இரண்டு விரலைக் காட்டினாள். பக்கத்துக் கடைக்குள் போய் ஒரு கலர் பென்சில் பெட்டி வாங்கி வந்து அவள் கையில் வைத்தார். "நல்லா வரையணும். இன்னா?" என்றார். என்னைப் பார்த்துச் சிரித்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது, பாவம் என்று நினைத்துக்கொண்டு, 'சொல்லுடா, இப்போதாவது சொல்லுடா' என்று எனக்குள்ளேயே அடித்துக்கொண்டேன். "வரோம்மா" என்று சொல்லிவிட்டு வந்தேன். அதற்கப்புறமும் மூன்று நான்கு முறை பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் நின்று பேசுவார். குழந்தையைக் கேட்பார். கொஞ்சம் அதிக நேரம்தான் நிற்பார். நான்தான் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்பேன்.

சில வருடங்களுக்கு முன்பு ராஜமதி அம்மா வந்தவாசியில் மகன் வீட்டில் இறந்துபோனார். எனக்குத் தகவல் தெரிந்தபோது இரண்டு மாதம் ஆகியிருந்தது.

கன்னியம்மாவை நான் பார்த்தது போன வருடம். செஞ்சிக்குப் பக்கத்தில் அனந்தபுரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனவன், சந்தை வழியாக நடந்து வந்தேன். சாக்கு விரித்துக் கொத்தவரங்காயும் முருங்கைக்கீரையும் வைத்திருந்த ஒரு கிழவி, "செஞ்சி சாரு தானே?" என்றாள். முடி முழுக்க நரைத்துவிட்டது. குரல் அப்படியே இருந்தது. மகள் வீட்டோடு இருக்கிறாளாம். பாப்பா எப்படி இருக்கிறது, கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டாள். சாக்குக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன்.

"கன்னியம்மா, அன்னிக்கி ஆணி அடிச்சது நான்தான்."

அவள் கீரைக்கட்டின் மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். "தெரியுமே சார்" என்றாள்.

"அம்மாவாண்ட நான் பொய் சொல்லிட்டேன்."

"அம்மாவுக்கும் தெரியும் சார். நீங்க காலி பண்ணினு போனீங்க இல்ல, அந்த வாரமே வெள்ளையடிக்க ஆள் வந்தான். செவுத்த சொரண்டும்போது பேஸ்ட் வாசன வருதேன்னு அம்மாவ கூப்ட்டுக் காட்டியிருக்கான். உள்ள பாத்தா இம்மாம் பெரிய ஆப்பு." விரலை விரித்து அளவு காட்டினாள். "அன்னிக்கே வெயில்ல நடந்து என் வூட்டுக்கு வந்துட்டாங்க. என் கையப் புடிச்சினு, தப்புப் பண்ணிட்டேன்டி கன்னியம்மான்னு அழுதாங்க. பொண்ணப் பத்திப் பேசும்போதுகூட அவங்க அழுது நான் பாத்ததில்ல சார். மறுநாளே வேலைக்குப் போயிட்டேன். அவங்க வந்தவாசி போறவரிக்கும் நான்தான் பாத்துக்கினேன்."

அப்படியென்றால் கடைத்தெருவில் என் மகளுக்குக் கலர் பென்சில் வாங்கிக் கொடுத்தபோது அவருக்குத் தெரியும். ஒவ்வொரு முறை நின்று பேசியபோதும் தெரியும்.

"என்னப் பத்தி இன்னா சொன்னாங்க?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"நான்தான் கேட்டேன், அந்தாள நாலு வார்த்த கேக்கறதுதானேம்மான்னு. அவரே வந்து சொல்லுவாருடி, நல்ல மனுசன்தான்னாங்க." கன்னியம்மா ஒரு கீரைக்கட்டை எடுத்து உதறி மறுபடி வைத்தாள். "ரொம்ப நாளு சொல்லினு இருந்தாங்க. அப்புறம் வுட்டுட்டாங்க."

என்னை மன்னித்துவிடு என்றேன். அதைச் சொல்ல எனக்கு முப்பது வருடம் ஆகியிருந்தது. ஆனால் சந்தை இரைச்சலில் அது தக்காளி விலை கேட்டது போல இருந்தது. "என்னாண்ட சொல்லி இன்னா சார் இப்ப" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. "அவங்க உசுரோட இருக்கும்போதே சொல்லியிருக்கணும்." யாரோ கொத்தவரங்காய் விலை கேட்டார்கள். அவள் அந்தப் பக்கம் திரும்பினாள்.

செஞ்சியில் இறங்கி, வீட்டுக்குப் போகும் அடுத்த பஸ்ஸில் ஏறாமல் அந்தத் தெருவுக்கு நடந்தேன். பல வருடங்களாக அந்தத் தெருப் பக்கமே போகாமல் சுற்றிக்கொண்டு போகப் பழகியிருந்தேன். செஞ்சியில் நான் நன்றாகக் கற்றுக்கொண்டது அதைத்தான். வீடு இல்லை. மகன் விற்றிருக்க வேண்டும். ஓடு, மண்ணுக்கல், நடுச்சுவர், ஒன்றும் இல்லை. அந்த இடத்தில் மூன்று ஷட்டர் வைத்த கடைகள். நடுக்கடையில் செல்போன் ரிப்பேர். எங்கள் பாதி எதுவரை, அவர் பாதி எங்கிருந்து என்று தரையைப் பார்த்து நிதானிக்கப் பார்த்தேன். முழுக்க டைல்ஸ் போட்டிருந்தார்கள்.

கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். "இன்னா சார், யாரத் தேடறீங்க?"

"இங்க ராஜமதி அம்மான்னு இருந்தாங்க" என்றேன்.

அவர் யோசித்தார். பக்கத்துக் கடைக்காரரையும் கூப்பிட்டுக் கேட்டார். "அப்பிடி யாரும் இங்க இல்லியே சார்" என்றார்கள் இருவரும்.